சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டம், பறக்கும் ரயிலில் ஓர் ஊர்: நண்பருடன் சென்னையில் மூன்று நாள்

சேப்பாக்கத்தில் நான் நேரில் பார்க்கப் போன முதல் ஐபிஎல் ஆட்டத்தின் முதல் ஆறு ஓவர்களை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் நகராமல் நின்ற ஒரு வாடகைக் காருக்குள் உட்கார்ந்து கைப்பேசியில்தான் பார்த்தேன். என்னுடன் வந்த நண்பனுக்குக் கிரிக்கெட்டில் பெரிய நாட்டமில்லை. அவனுக்கு மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்க்க வேண்டும், எனக்கு ஆட்டம் பார்க்க வேண்டும். ஆட்டம் இரவு 7.30 மணிக்குத்தானே என்று இருவர் ஆசையையும் ஒரே பகலுக்குள் அடைக்கப் பார்த்தோம். சிற்பங்களையும் வெயிலில் ஓடி ஓடிப் பார்த்தோம், ஆட்டத்திற்கும் பாதியில் போய்ச் சேர்ந்தோம். அதற்குப் பிறகு இதே நண்பனுடன் இரண்டு முறை சென்னைக்குப் போய் வந்துவிட்டேன். அந்தப் பயணங்களில் நாங்கள் பிடித்துக்கொண்ட வழி மிக எளியது: ஆட்டம் நடக்கும் இடத்தை நடுவில் வைத்து, அங்கிருந்து பறக்கும் ரயிலில் போகக்கூடிய இடங்களை மட்டும் பார்ப்பது, மற்றவற்றை வேறொரு பயணத்திற்கு விட்டுவிடுவது.

சென்னைக்காரர்கள் பறக்கும் ரயில் என்று சொல்லும் அந்தத் தடம், கடற்கரை நிலையத்தில் தொடங்கி வேளச்சேரிப் பக்கம் போகிறது. 1995இல் சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கிய இந்தத் தடத்தின் நிலையங்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: கடற்கரை, கோட்டை, பூங்கா நகர், சிந்தாதிரிப்பேட்டை, சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், முண்டகக்கண்ணியம்மன் கோயில், திருமயிலை. பழைய மதராஸின் முதுகெலும்பை யாரோ வேண்டுமென்றே ஒரு நூலில் கோத்துக் கொடுத்தது போல இருக்கும். கோட்டை, மைதானம், கடற்கரை, மயிலாப்பூர் நான்கும் இதில் அடங்கிவிடுகின்றன. கட்டணம் ஐந்து ரூபாயில் தொடங்குகிறது. குறையும் உண்டு: வண்டிகள் அடிக்கடி வருவதில்லை, கால் மணியோ இருபது நிமிடமோ காத்திருக்க நேரலாம், பல நிலையங்கள் பெரிய கிடங்குகளைப் போல ஆளரவமின்றிக் கிடக்கும். பகலிலும் முன்மாலையிலும் இதை நம்பலாம். இரவு நேரமாகிவிட்டால் மெட்ரோவோ ஆட்டோவோ மேல்.

ஆட்டத்தை முதலில் முடிவு செய்வது

தேதி, அறை, ரயில் முன்பதிவு எதையும் தொடுவதற்கு முன் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐபிஎல் அட்டவணை வந்த உடனே அறையைப் பதிவு செய்துவிட்டு, டிக்கெட் கிடைக்காமல் மெரினாவில் உட்கார்ந்து மைதானத்தின் விளக்குக் கம்பங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அண்மைப் பருவங்களில் டிக்கெட்டுகள் பெரும்பாலும் இணையத்திலேயே விற்கப்படுகின்றன; விற்பனை தொடங்கும் நிமிடத்திலேயே நீண்ட காத்திருப்பு வரிசை உருவாகிவிடும். இருவரும் தனித்தனிக் கருவிகளில், தனித்தனிக் கணக்குகளில் உள்ளே நுழைந்து காத்திருப்பதும், முதலில் உள்ளே போகிறவர் இருவருக்கும் சேர்த்தே வாங்கிவிட வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைப்பதும் உதவும். எவ்வளவு விலை வரை போகலாம் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது "மச்சான், இது அதிகமில்லையா?" என்று கேட்டால் அந்த இருக்கை போய்விடும். மைதான வாசலில் கூடுதல் விலைக்கு விற்பவர்களை நம்பிப் போகக்கூடாது. ஒரே டிக்கெட்டின் படத்தை நான்கு பேருக்கு விற்றிருந்தால் முதலில் வருகிறவர் மட்டுமே உள்ளே போக முடியும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் என் கருத்து இது: நண்பரும் உங்களைப் போலவே ரசிகரென்றால் பந்துவீச்சாளரின் கைக்கு நேர் பின்னால் உள்ள படிகளே சிறந்தவை, சேப்பாக்கத்தில் சுழல் எப்படித் திரும்புகிறது என்பதை அங்கிருந்துதான் கண்ணால் காண முடியும். நண்பருக்கு ஆட்டம் புதிதென்றால் பக்கவாட்டில், எல்லைக் கோட்டுக்கு அருகில், கீழ்ப் படிகளில் உட்காருங்கள். களத்தடுப்பாளர் பத்தடி தூரத்தில் நின்று கூட்டத்தைப் பார்த்துக் கையசைப்பது புதியவருக்கு எந்தச் சுழலைவிடவும் பெரிய காட்சி. பிற்பகல் 3.30 மணி ஆட்டமென்றால் மேற்குப் பக்கப் படிகளைத் தேடுங்கள், வெயில் முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஏப்ரல், மே மாதங்களில் இது சொகுசு விஷயமே அல்ல, அவசியம்.

ஐபிஎல் டிக்கெட் கிடைக்கவில்லை என்றால் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. மாநில அணிகள் மோதும், பெரிய விளம்பரமில்லாமல் நடக்கும் ரஞ்சி ஆட்டங்களின்போது பாதி காலியான படிகளில் கால் நீட்டி உட்கார்ந்து, மட்டையில் பந்து படும் ஓசையைக் கேட்டபடி நண்பருடன் நாள் முழுவதும் பேசிக்கொண்டிருக்கலாம். 1934இல் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே இந்த மைதானத்தில்தான் நடந்தது. மதராஸ் அணி மைசூரை ஒரே நாளில் வென்று முடித்துவிட்டது. பெண்கள் டெஸ்ட் வந்தால் அதையும் விடாதீர்கள். 2024இல் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஷஃபாலி வர்மா 205 ஓட்டங்கள் எடுத்ததும் இங்கேதான்.

நண்பருக்கு என்ன சொல்லிக் கூட்டிப் போவது

ஆட்டத்தில் ஆர்வமில்லாத நண்பருக்கு எல்பிடபிள்யூ விதியை விளக்கத் தொடங்குவதைவிடப் பெரிய கொடுமை வேறில்லை. விதிகளை விட்டுவிட்டு, அந்த இடத்தில் நடந்த மூன்று கதைகளை மட்டும் சொல்லுங்கள்; அவற்றையும் வாலாஜா சாலையில் மைதானத்தை நோக்கி நடக்கும்போது சொல்லுங்கள்.

முதலாவது 1952 பிப்ரவரி. இந்தியா முதல் டெஸ்ட் ஆடி இருபது ஆண்டுகள் ஆகவிருந்த நேரம், அதுவரை ஒரு வெற்றிகூட இல்லை. சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய நாளிலேயே லண்டனில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் இறந்துவிட்டார்; அதனால் ஓய்வு நாளை முன்னதாக வைத்துக்கொண்டார்கள். வினு மன்கட் இரண்டு இன்னிங்ஸிலுமாக 12 விக்கெட்டுகளை எடுக்க, ஓர் இன்னிங்ஸ் மற்றும் 8 ஓட்ட வித்தியாசத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. இரண்டாவது 1986 செப்டம்பர். சென்னை வெக்கையில் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் களத்திலேயே வாந்தியெடுத்தபடி 210 ஓட்டங்கள் அடித்தார், ஆட்டமிழந்த பிறகு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஐந்தாம் நாள் இந்தியாவுக்கு இலக்கு 348. கடைசி ஓவரில் 347இல் மணீந்தர் சிங் எல்பிடபிள்யூ ஆக, டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது முறையாக, இரு அணிகளின் மொத்த ஓட்டங்களும் சமமாகி ஆட்டம் 'டை' ஆனது. மூன்றாவது 1999 ஜனவரி. பாகிஸ்தானுக்கு எதிராக 271 இலக்கு. முதுகு வலியோடு 136 அடித்த சச்சின், பதினேழு ஓட்டங்களே மிச்சமிருந்தபோது ஆட்டமிழந்தார், இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றது. தோல்வியின் மௌனம் சில நிமிடங்கள் நீடித்தது. பிறகு அரங்கம் எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கைதட்டியது, அவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி அந்தக் கைதட்டலை ஏற்றுக்கொண்டார்கள்.

என் நண்பன் முதல் இரண்டு கதைகளுக்கும் "ஓஹோ" என்றான். மூன்றாவது கதை முடிந்ததும் நடையை நிறுத்தி, "எந்தப் பக்கம்டா நின்னு கைதட்டினாங்க?" என்று கேட்டான். எல்லாப் பக்கமும்தான் என்றேன். அன்று இரவு எங்களுக்கு முன் வரிசையில் எதிரணியின் சட்டை போட்ட ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அவர்களுடன் அவன்தான் முதலில் பேச்சுக் கொடுத்தான்.

எங்கே தங்குவது, எப்படி வருவது

திருவல்லிக்கேணியில் தங்குங்கள். தென்மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்த பல தலைமுறை இளைஞர்கள் வாழ்ந்த மேன்ஷன்களுக்குப் பெயர்போன பகுதி இது. நாள் வாடகைக்கு அறை தரும் சாதாரண விடுதிகளும் ஏராளமாக உண்டு. அறைகள் சிறியவை, சுவர்களுக்குக் காது உண்டு, ஆட்ட நாளில் வாடகையும் கூடும். ஆனால் ஆட்டம் முடிந்து இரவு பதினொன்றரைக்குப் பல்லாயிரம் பேர் கொண்ட கூட்டம் ஒரே நேரத்தில் வண்டி தேடும்போது, நீங்கள் இருவரும் கைவீசிக்கொண்டு நடந்தே அறைக்குப் போய்விடலாம். அந்த ஒரு வசதிக்காக மற்ற எல்லாக் குறைகளையும் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

விமானத்தில் வருகிறவர்கள் மெட்ரோவின் நீலத் தடத்தில் ஏறி, மாறாமலேயே அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கலாம்; அங்கிருந்து மைதானமும் திருவல்லிக்கேணியும் நடை தூரம்தான். எழும்பூரிலோ சென்ட்ரலிலோ இறங்குகிறவர்களுக்கும் மெட்ரோ உண்டு, எழும்பூரிலிருந்து வருவதானால் சென்ட்ரலில் தடம் மாற வேண்டும். தென்மாவட்டப் பேருந்துகள் 2023 இறுதியிலிருந்து கிளாம்பாக்கத்தில் நின்றுவிடுவதால், அங்கிருந்து நகருக்குள் வர ஒரு மணி நேரத்திற்கும் மேல் ஆகலாம் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ரயிலையே விரும்புவேன்.

முதல் நாள்: மயிலாப்பூர், மாலையில் கடல்

ஆட்டத்திற்கு முந்தைய நாள் காலையில் வந்து சேர்ந்துவிடுவது நல்லது. பையை விடுதியில் போட்டுவிட்டு, திருவல்லிக்கேணி நிலையத்தில் ஏறித் திருமயிலையில் இறங்குங்கள். இந்த நாள் முழுவதும் நண்பரின் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும். மறுநாள் அந்த உரிமை உங்களுக்கு வரும். இந்த ஒப்பந்தத்தை வெளிப்படையாகப் பேசி வைத்துக்கொண்டால், இன்னொருவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடக்க வேண்டியதில்லை.

மயிலாப்பூரில் வயிற்றிலிருந்து தொடங்க வேண்டும். அருண்டேல் தெருவின் சந்துக்குள் இருக்கும் ராயர் மெஸ், பலகையோ அலங்காரமோ பார்த்துப் போகிற இடமல்ல. உட்கார இடம் கொஞ்சம்தான், ஒரு பந்தி எழுந்த பிறகுதான் அடுத்த பந்தி. பொங்கலும் மெதுவடையும் கெட்டிச் சட்னியும் காலையிலேயே தீர்ந்துவிடக்கூடும் என்பதால் குளித்துச் சோம்பல் முறித்து நிதானமாகப் போகலாம் என்று எண்ணாதீர்கள். சாப்பிட்டு முடித்துக் கபாலீசுவரர் கோயிலுக்கு நடந்தால், நடை சாத்துவதற்கு முன் நேரம் தாராளமாக இருக்கும். பெரும்பாலான கோயில்களைப் போலவே இதுவும் நண்பகலில் சாத்தி மாலையில் திறக்கும்.

கோயிலின் மேற்கே விரிந்திருக்கும் தெப்பக்குளத்தின் கரையில் நின்று கோபுரத்தைப் பார்த்துவிட்டு, மாட வீதிகளைச் சுற்றி வாருங்கள். கிழக்கு மாட வீதியில் காளத்தி கடை என்று ஒரு சின்னப் பத்திரிகைக் கடை இருக்கிறது. அதன் ரோஸ் மில்க்கை நின்றபடியே குடித்துவிட்டுப் போகிறவர்களின் கூட்டத்தை வைத்தே கடையை அடையாளம் கண்டுகொள்ளலாம். வெயில் ஏறிய பிறகு அந்தக் குளிர்ந்த இளஞ்சிவப்பு டம்ளரைக் கையில் வாங்கும்போது, எந்த அருங்காட்சியகத்திற்கும் போகாவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றும். ஒரு முன்னெச்சரிக்கை: ஐபிஎல் பருவத்தோடு பங்குனிப் பெருவிழாவும் வருவதுண்டு. தேர் நாளிலோ அறுபத்துமூவர் நாளிலோ நீங்கள் அங்கே இருக்க நேர்ந்தால், வண்டி எதுவும் நகராது, ரயிலும் நெரியும். ஆனால் அறுபத்துமூன்று நாயன்மார்களும் வரிசையாக வீதி வருவதைப் பார்க்கக் கிடைத்தால், அன்றைய மற்ற திட்டங்களை எல்லாம் மூட்டை கட்டிவிடலாம்.

பிற்பகலில் சாந்தோம் பேராலயம். புனித தோமையாரின் கல்லறைமேல் எழுந்த இந்த ஆலயத்தின் இன்றைய வெள்ளைக் கோபுரக் கட்டடம் 1890களில் கட்டப்பட்டது. அங்கிருந்து கடலோரமாக வடக்கே நடந்தால் கலங்கரை விளக்கம் வரும். மேலே ஏறிப் பார்க்க அனுமதிக்கும் நேரம் குறைவு என்பதால் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. மாலை வெயில் தாழ்ந்ததும் மணலில் இறங்குங்கள். தேங்காய், மாங்காய், பட்டாணி சுண்டலைக் கூம்புத் தாளில் வாங்கிக்கொண்டு, கடற்காற்று நேராக முகத்தில் அடிக்கும்படி உட்காருவதைவிட நல்ல இரவு உணவுத் தொடக்கம் இந்த ஊரில் இல்லை. அலையில் கால் நனைப்பதோடு நிறுத்துங்கள்; மெரினாவில் நீரோட்டம் இழுக்கும், குளிப்பதற்கு ஏற்ற கடல் அல்ல இது.

இரண்டாம் நாள்: ஆட்ட நாள்

ஆட்ட நாளில் திருவல்லிக்கேணியை விட்டு வெளியே போகக்கூடாது. நான் விதி என்று வைத்திருப்பது இது ஒன்றைத்தான்.

காலையில் பார்த்தசாரதி கோயில். நூற்றெட்டுத் திவ்வியதேசங்களில் ஒன்றான இக்கோயிலில், பல்லவ மன்னன் தந்திவர்மனின் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. மூலவர் வேங்கடகிருஷ்ணன் கையில் சக்கரம் இல்லாமல், மீசையோடு நிற்கிறார். பாரதப் போரில் ஆயுதம் எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்துத் தேரோட்டியாக வந்தவர் அல்லவா? உற்சவர் முகத்தில் பீஷ்மரின் அம்புகள் பட்ட தழும்புகள் உண்டு. திரை விலகி விளக்கு வெளிச்சம் விழும் சில நொடிகளில் அந்தத் தழும்புகளைப் பார்த்துவிட வேண்டும் என்று என் நண்பன் கழுத்தை நீட்டி நின்றது, முதல் நாள் மாலை நான் வானிலைக் கணிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றதற்குச் சற்றும் குறைந்ததல்ல. பக்திக்கும் ரசிகத்தனத்திற்கும் முகபாவம் ஒன்றுதான் போலும். கோயிலின் சர்க்கரைப் பொங்கல் பேர்பெற்றது, கிடைத்தால் விடாதீர்கள்.

கோயிலுக்கு அருகிலேயே, துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதி கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. 1921இல் கோயில் யானை தாக்கியதும், அதே ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்ததும் இந்தத் தெருக்களில் நடந்தவை. பிறகு திருவல்லிக்கேணி நெடுஞ்சாலைக்கு வந்தால், 1795இல் ஆற்காட்டு நவாப் குடும்பம் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசலைக் காணலாம். சாம்பல் நிறக் கருங்கல்லும், விரிந்த முற்றமும், அதன் ஓரத்துக் குளமும் சேர்ந்து, வெளியே இரைச்சலிடும் சாலையை மறக்கடித்துவிடும்.

அதே நெடுஞ்சாலையில் 1948 முதல் இயங்கும் ரத்னா கஃபேயில் இட்லி சாப்பிடுவது இந்தப் பயணத்தின் ஒரு சடங்கு. இங்கே இட்லிக்குச் சாம்பாரைத் தொட்டுக்கொள்வதில்லை. இட்லி மூழ்கும்படி சாம்பாரை ஊற்றுகிறார்கள், குறைந்தால் மீண்டும் ஊற்றுகிறார்கள். கரண்டியால் இட்லியின் ஓரத்தை வெட்டினால் உள்வரை நிறம் ஏறியிருக்கும். சற்று இனிப்பாகவும் சற்று நீர்த்தும் இருக்கும் அந்தச் சாம்பார் எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். என் நண்பன் முதல் கரண்டியில் முகத்தைச் சுளித்தான், மூன்றாவது முறை ஊற்றச் சொல்லிக் கேட்டான். அசைவம் விரும்புகிறவர்கள் மதியத்திற்கு அதே சாலையின் பிரியாணிக் கடைகளில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளலாம்; அளவோடு சாப்பிடுங்கள், மாலை நான்கு மணி நேரம் உட்கார வேண்டும்.

மதியம் தூங்குங்கள். இதைப் பயண வழிகாட்டிகள் சொல்வதில்லை, ஆனால் சித்திரை வெயிலில் பகல் முழுவதும் அலைந்துவிட்டு இரவு ஆட்டத்தில் கொட்டாவி விடுகிறவர்கள் நிறைய. நாலரை மணிக்கு எழுந்து, காபி குடித்து, ஐந்து மணிக்குக் கிளம்பினால் போதும்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை சில உண்டு. டிக்கெட்டை அறையில் இருக்கும்போதே கைப்பேசியில் திறந்து சேமித்துக்கொள்ளுங்கள். மைதானத்தை நெருங்கியதும் அத்தனை ஆயிரம் கைப்பேசிகள் ஒரே கோபுரத்தை மொய்ப்பதால் இணையம் ஊர்ந்துகூடப் போகாது. நுழைவாயிலில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்தபடி வியர்த்து நிற்பவர்களை ஒவ்வோர் ஆட்டத்திலும் பார்க்கலாம். இருவர் டிக்கெட்டும் இருவர் கைப்பேசியிலும் இருக்கட்டும், மின்னேற்றமும் முழுமையாக இருக்கட்டும். பை, தண்ணீர்ப் புட்டி, பவர் பேங்க், தலைக்கவசம் போன்றவற்றை வாயிலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அவற்றை வைத்துவிட்டுப் போக நம்பகமான இடமும் கிடையாது. ஆகவே கைப்பேசி, கைக்குட்டை, கொஞ்சம் பணம், அடையாள அட்டை ஆகியவற்றைத் தவிர வேறெதையும் எடுக்காதீர்கள். அண்மைப் பருவங்களில் சென்னை அணியின் உள்ளூர் ஆட்டங்களுக்கு, டிக்கெட்டைக் காட்டி மெட்ரோவில் கட்டணமின்றிப் போய்வர ஏற்பாடு இருந்தது; உங்கள் டிக்கெட்டில் அப்படி ஏதேனும் குறிப்பிட்டிருக்கிறதா என்று படித்துவிடுங்கள்.

வாலாஜா சாலையும் பெல்ஸ் சாலையும் ஆட்ட நாள் மாலையில் தெருவோரத் திருவிழாவாகிவிடும். மஞ்சள் சட்டை, தொப்பி, விசில், கொடி எல்லாம் கயிறு கட்டித் தொங்கும். பேரம் பேசலாம். கன்னத்தில் வண்ணம் தீட்டுகிறவர் தூரிகையைத் தண்ணீரில் முக்கும்போது ஒரு சிறுவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "அப்பா, ஏழு நல்லா வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான், அப்பா, "வந்துச்சுப்பா, ஆடாதே" என்றார். இதையெல்லாம் பார்க்கவாவது ஆட்டம் தொடங்க இரண்டு மணி நேரம் முன்பு போக வேண்டும். உள்ளே போன உடன் தண்ணீர், கழிப்பறை, வெளியேறும் வழி மூன்றும் எங்கே என்று பார்த்து வைத்துவிட்டுப் பிறகு உட்காருங்கள். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எந்த வாயிலில் சந்திப்பது என்பதையும் இப்போதே சொல்லி வையுங்கள், கைப்பேசி அப்போது உதவாது.

சேப்பாக்கத்தின் சத்தத்தை எழுத்தில் தர முடியாது, ஆனால் ஒன்றைச் சொல்லலாம். விசில் ஒரே சீராக இருக்காது. பந்துவீச்சாளர் ஓடி வரத் தொடங்கும்போது ஏறி, பந்து மட்டையைத் தொடும் கணத்தில் சட்டென்று அறுந்து, பந்து எங்கே போகிறது என்று தெரிந்ததும் மறுபடி வெடிக்கும். அந்த அறுந்த அரை நொடிக்குள் கடற்காற்று அரங்கத்தின் கூரைகளுக்கிடையே புகுந்து வருவதை உணரலாம். என் நண்பன் பத்தாவது ஓவருக்குப் பிறகு ஸ்கோர் பலகையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு விசிலை மட்டும் கேட்டு என்ன நடந்தது என்று சொல்லும் விளையாட்டைத் தொடங்கினான். பெரும்பாலும் சரியாகவே சொன்னான்.

ஆட்டம் முடிந்ததும் உடனே எழாதீர்கள். பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் படிகளில் நெரிசல் குறைந்துவிடும்.

மூன்றாம் நாள்: கோட்டை, பிறகு அத்தோ

தாமதமாக எழுந்து, அறையைக் காலி செய்து, பைகளை விடுதியில் வைத்துவிட்டுச் சேப்பாக்கம் நிலையத்தில் ஏறுங்கள். அதற்கு முன், மைதானத்திலிருந்து கடலை நோக்கி நடந்தால் சேப்பாக்கம் அரண்மனை வருகிறது; ஆற்காட்டு நவாபுக்காக 1768இல் கட்டப்பட்ட இது இப்போது அரசு அலுவலகங்களாக இருப்பதால் வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். பக்கத்தில் ராபர்ட் சிஷோம் வடிவமைத்த பல்கலைக்கழக செனட் மண்டபம். எதிரே மணலோரத்தில் தேவி பிரசாத் ராய் சவுத்ரியின் உழைப்பாளர் சிலை, 1959இல் நிறுவப்பட்டது. பாறையைப் புரட்டும் நான்கு பேரின் கெண்டைக்கால் தசைகளை அருகில் போய்ப் பாருங்கள். நேரமிருந்தால் இன்னும் சற்றுத் தெற்கே உள்ள விவேகானந்தர் இல்லத்திற்கும் போகலாம். 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்கக் கட்டிய கிடங்கு அது. ஐஸ் ஹவுஸ் என்று இன்றும் பேருந்து நடத்துநர்கள் கூவுவது அந்தப் பனிக்கட்டியின் மிச்சம்தான். 1897இல் விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார்.

கோட்டை நிலையத்தில் இறங்கினால் புனித ஜார்ஜ் கோட்டை. தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் சோதனை உண்டு, அடையாள அட்டை அவசியம். கோட்டை அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகமும் அப்படியே. ஆட்டம் வியாழக்கிழமை என்றால் இந்த நாளின் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். அருங்காட்சியகத்தில் 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றப்பட்ட தேசியக் கொடி கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. மங்கலான வெளிச்சத்தில், நூலிழைகள் தளர்ந்து, எதிர்பார்த்ததைவிடப் பெரியதாக இருந்தது. முந்தைய நாள் இரவு ஆயிரக்கணக்கில் மஞ்சள் கொடி அசைவதைப் பார்த்த கண்ணுக்கு, அசையாமல் விரித்து வைத்த இந்த ஒற்றைத் துணி வேறு மாதிரி தெரிந்தது. அருகே 1680இல் திறக்கப்பட்ட புனித மரியாள் தேவாலயம். ராபர்ட் கிளைவின் திருமணம் 1753இல் இங்கேதான் நடந்தது.

அடுத்த நிலையம் கடற்கரை, தடத்தின் முனை. வெளியே வந்தால் பர்மா பஜார். 1960களில் பர்மாவை விட்டு வெளியேற நேர்ந்த தமிழர்கள் தங்களோடு கொண்டுவந்த சமையல், இந்த நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் தள்ளுவண்டிகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அத்தோ கேளுங்கள். ஆரஞ்சு நிற நூடுல்ஸை வெறும் கையால் அள்ளிப் போட்டு, முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டு எண்ணெய் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, கண்ணிமைக்கும் நேரத்தில் பிசைந்து தட்டில் வைப்பார்கள். மொறுக்கென்று உடையும் பேஜோவை அதன்மேல் நொறுக்கிப் போடச் சொல்லுங்கள், பக்கத்தில் வாழைத்தண்டு சூப் கேட்டு வாங்குங்கள். காரம் எவ்வளவு என்று கேட்கும்போது வீரம் காட்டாமல் "கம்மியா போடுங்கண்ணே" என்று சொல்வது நலம். நடுப்பகலுக்குப் பிறகுதான் வண்டிகள் முழுமையாக நிரம்பும், ஆகவே கோட்டையில் அவசரப்பட வேண்டாம்.

செலவுக் கணக்கை இங்கேயே தீர்த்துவிடுங்கள். மூன்று நாளும் ஒருவரே எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்துக் கைப்பேசியில் குறித்துக்கொண்டே வந்து, கடைசியில் பாதியை வாங்கிக்கொள்வது எங்களுக்கு ஒத்துவந்தது. கூடுதல் விலையுள்ள இருக்கை வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தது நானென்பதால், அந்த வித்தியாசத்தை என் கணக்கில் எழுதிக்கொண்டேன். அத்தோவுக்கு அவன் தனியாகக் கொடுத்தான். இரண்டாவது தட்டு அவனுடையது.

பைகளை எடுக்கத் திருவல்லிக்கேணிக்குத் திரும்ப அதே ரயில் போதும். எழும்பூரிலோ சென்ட்ரலிலோ இரவு வண்டி என்றால் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். அன்றும் சேப்பாக்கத்தில் ஆட்டம் இருந்தால் இரண்டு மணி நேரம்.